கொக்கிளாய்க் கறுமணலும் காபோன் நாட்டு மங்கனீசும்

ஆபிரிக்காவின் மேற்குக் கரையில், நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் காபோன் என்ற சிறிய நாடு, 2025ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஓர் அறிவித்தலை விடுத்தது. 2029 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பதப்படுத்தப்படாத மங்கனீசுத் தாதுவை நாட்டை விட்டு வெளியேற்ற அனுமதிக்கப் போவதில்லை என்பதே அதுவாகும். உலகின் மங்கனீசு ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் ஒன்று இவ்வாறு அறிவித்தமை உருக்கு உற்பத்தியாளர்களிடையே சலசலப்பை ஏற்படுத்தியது. எமது நாட்டில் அது பெரிதாகப் பேசப்படவில்லை. காபோன் எங்கே, முல்லைத்தீவு எங்கே என்று கேட்போரும் இருக்கக்கூடும். ஆயினும் கொக்கிளாயிலும் புல்மோட்டையிலும் மன்னாரிலும் வாழ்கின்ற மக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய அறிவித்தல் அது என்றே நாம் கருதுகின்றோம். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

மங்கனீசு என்பது பொன்னோ வெள்ளியோ அன்று. அதனைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் எம்மிடையே மிகச் சிலரே. ஆனால் அது இல்லாமல் உருக்கு இல்லை. தோண்டி எடுக்கப்படும் மங்கனீசில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உருக்காலைகளுக்கே செல்கின்றது. உருகிய இரும்பிலுள்ள கந்தகத்தையும் ஒட்சிசனையும் பிணைத்து அகற்றி, உருக்குக்கு உறுதியைத் தருவது அதன் வேலை. தண்டவாளம், பாலம், கட்டடக் கம்பி என்று எதனை எடுத்துக் கொண்டாலும் அதில் மங்கனீசு சேர்ந்தே இருக்கின்றது. உலர் மின்கலங்களில் நெடுங்காலமாகவும், மின்சார வாகனங்களின் மின்கலங்களில் அண்மைக்காலமாகவும் அது பயன்பட்டு வருகின்றது. இதன் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். மங்கனீசுத் தூசியை நீண்டகாலம் சுவாசித்த தொழிலாளரின் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு, நடை தடுமாறி, முகம் உணர்ச்சியற்றுப் போவதை 1837ஆம் ஆண்டிலேயே ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜோன் கூப்பர் பதிவு செய்திருந்தார்.

பூமியிலுள்ள மங்கனீசு இருப்பின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கண்டத்தில், குறிப்பாகத் தென்னாபிரிக்காவின் கலஹாரிப் படுக்கையில் கிடக்கின்றது. காபோனில் அது மொவாண்டா என்னும் நகரைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில், நிலமட்டத்துக்குச் சில மீற்றர் கீழேயே கிடைக்கின்றது. 1962ஆம் ஆண்டு முதல் அங்கு அகழ்வு நடைபெற்று வருகின்றது. பிரெஞ்சு நிறுவனமொன்று பெரும்பங்கு வகிக்கும் கம்பனியே அதனை நடத்துகின்றது. ஆரம்பத்தில் மொவாண்டாவிலிருந்து கடலுக்குச் செல்லப் புகையிரதப் பாதை இருக்கவில்லை. அதற்காக மக்களுக்குப் பயன்படும் ஒரு பாதையை அமைத்தார்களா என்றால் அதுவுமில்லை. காட்டின் மேலாக 76 கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பிவடம் கட்டி, அதில் தொங்கும் வாளிகளில் தாதுவை ஏற்றி, அயல் நாடான கொங்கோவின் எல்லைக்கு அனுப்பி, அங்கிருந்து புகையிரதத்தில் பொயின்ற் நுவார் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றனர். காபோனின் சொந்தப் புகையிரதப் பாதை 1986ஆம் ஆண்டிலேயே நிறைவு பெற்றது. மூலப்பொருளை வெளியேற்றுவதற்கு மட்டுமே போடப்படும் பாதை எவ்வாறிருக்கும் என்பதற்கு அந்தக் கம்பிவடத்தைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. மக்களின் தலைக்கு மேலால் செல்வம் போய்க் கொண்டிருந்தது என்பது அங்கே வெறும் உவமையல்ல.

கானாவின் கதை இதனினும் பழையது. அங்குள்ள நசூட்டாவில் முதலாம் உலகப் போரின் நடுவே, 1916இல் மங்கனீசு அகழ்வு ஆரம்பமாயிற்று. பிரித்தானியரின் ஆயுத உற்பத்திக்கு அது தேவைப்பட்டது. போர் முடிந்தது; காலனித்துவமும் முடிந்தது; நூறாண்டுகளும் கடந்தன. தாது மட்டும் தாதுவாகவே கப்பலேறி வந்தது. தோண்டும் நாட்டுக்குக் கூலியும் குழியும், உருக்கும் நாட்டுக்கு உருக்கும் இலாபமும் என்ற ஏற்பாடு கொடி மாறியதால் மாறிவிடவில்லை. இந்த ஏற்பாட்டை முறிக்கவே காபோன் இப்போது முயல்கின்றது.

இனி எமது மணலுக்கு வருவோம்.

எமது பள்ளிப் பருவத்துப் புவியியல் வினாத்தாள்களில் 'பொருத்துக' என்றொரு பகுதி வரும். ஒரு பக்கத்தில் காங்கேசன்துறை, வாழைச்சேனை, பரந்தன், புல்மோட்டை என்றிருக்கும். மறுபக்கத்தில் சீமெந்து, காகிதம், இரசாயனம், இல்மனைட் என்றிருக்கும். கோடு கீறிப் பொருத்தினால் நான்கு புள்ளிகள். இல்மனைட் என்றால் என்ன, அது எங்கே போகின்றது, அதனால் புல்மோட்டைக்கு என்ன கிடைத்தது என்று ஆசிரியரும் சொல்லித் தந்ததில்லை; நாமும் கேட்டதில்லை. அந்தப் பட்டியலிலிருந்த மற்றவை மூடப்பட்டோ நலிந்தோ போக, கரையிலிருந்து கறுமணலை அள்ளும் ஒன்று தட்டுத் தடுமாறி நிலைத்தது என்பது இன்று எண்ணிப் பார்க்கையில் தற்செயலாகத் தோன்றவில்லை.

திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புல்மோட்டைக் கரையிலிருந்து, கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்தைத் தாண்டி முல்லைத்தீவு மாவட்டக் கரை வரையில் இந்தக் கறுமணல் விரவிக் கிடக்கின்றது. கோடானு கோடி ஆண்டுகளாக உள்நாட்டுப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து துகள்களாகி, ஆறுகளால் அடித்து வரப்பட்டுக் கடலைச் சேர்ந்தன. வாடைக்காற்றுக் காலத்து அலைகள் அந்தத் துகள்களைக் கரையில் வீசி, இலேசான வெண்மணலைத் திரும்ப இழுத்துச் சென்று, பாரமான கறுப்புத் துகள்களை விட்டுச் செல்கின்றன. சுளகில் அரிசி புடைக்கும் தாய்மாருக்கு இதனை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. கடல் புடைத்துத் தருகின்றது. இயற்கையே செறிவாக்கித் தந்த படிவு என்பதாலேயே புல்மோட்டை மணல் உலகின் தரமான கனிய மணற் படிவுகளுள் ஒன்றாகப் பேசப்படுகின்றது. இங்குள்ள பாரக் கனியங்களில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைட். சிர்கோனும் ரூட்டைலும் தலா எட்டு வீதமளவில் உள்ளன. மொனசைட் மிகச் சிறிதளவு.

இவற்றைப் பிரிக்கும் முறை கேட்பதற்கு எளிதானது. மணலை நீருடன் சேர்த்துச் சுருள் வடிவத் தாழிகளில் ஓடவிட்டால் இலேசான மணல் வெளிப்புறமாகவும் பாரமானது உட்புறமாகவும் ஒதுங்கும். பின்னர் நன்னீரில் உப்பைக் கழுவி, உலர்த்தி, காந்தத்தின் ஊடாகச் செலுத்துவார்கள். இரும்பும் டைட்டேனியமும் கலந்த ஒட்சைட்டான இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக் கொள்ளும். எஞ்சியதை உயர் மின்னழுத்தத்தின் ஊடாக விட்டால் மின்னைக் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும், கடத்தாத சிர்கோன் மறுபக்கமும் விழும். இதில் இரசாயனம் ஏதுமில்லை. ஆனால் நன்னீர் தேவை, எரிபொருள் தேவை, கழித்த மணலைக் கொட்டுவதற்கு இடம் தேவை. முல்லைத்தீவின் கரையோரக் கிராமங்களில் நன்னீர் எவ்வளவு கிடைக்கின்றது என்பதைச் சித்திரை, வைகாசி மாதங்களில் அங்கு சென்று பார்ப்பவர்கள் அறிவார்கள்.

பிரித்தெடுத்த பின்னர்தான் உண்மையான கதை தொடங்குகின்றது. இல்மனைட்டிலிருந்து பெறப்படும் டைட்டேனியம் ஈரொட்சைட்டே உலகின் வெண்மை நிறம். எமது வீட்டுச் சுவரின் வெள்ளைப் பூச்சு, பற்பசை, காகிதம், பிளாஸ்ரிக் வாளி அனைத்திலும் அது இருக்கின்றது. டைட்டேனிய உலோகம் விமானங்களுக்கும், முறிந்த எலும்பைப் பொருத்தும் வைத்திய உபகரணங்களுக்கும் செல்கின்றது. ரூட்டைல் உருக்கொட்டுக் கூர்களின் பூச்சில் சேர்கின்றது. சிர்கோன் இல்லாமல் குளியலறை ஓடுகளின் பளபளப்பு இல்லை. இவற்றுள் எதனையும் கணிசமான அளவில் நாம் செய்வதில்லை. கறுப்பாக அனுப்பி வெள்ளையாக இறக்குமதி செய்கின்றோம்.

1957ஆம் ஆண்டில் இலங்கைக் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. நீண்டகாலமாக ஜப்பானே முக்கிய கொள்வனவாளராக இருந்தது. 1992இல் அது அரசுக்குச் சொந்தமான கம்பனியாக மாற்றப்பட்டது. போர்க்காலத்தில் 1996 ஆகஸ்டிலும் 1997 செப்டெம்பரிலும் மணல் ஏற்ற வந்து புல்மோட்டைக் கடலில் நங்கூரமிட்டிருந்த வெளிநாட்டுக் கப்பல்கள் கடற்புலிகளின் தாக்குதலுக்கு இலக்காயின. 1997ஆம் ஆண்டுத் தாக்குதலில் கப்பலின் வெளிநாட்டு மாலுமிகளும் உயிரிழந்தனர். அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் ஏற்றுமதி முடங்கியது. போர் முடிந்த பின் அகழ்வு மீண்டும் வேகம் பெற்றது. வேகம் பெற்றதோடு பார்வையும் வடக்கே, முகத்துவாரத்துக்கு அப்பால், கொக்கிளாயின் பக்கம் திரும்பியது.

கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய கிராமங்களின் கதை வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 1984 டிசெம்பரில் அந்தத் தமிழ்க் கிராமங்களின் மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர். வயலையும் வள்ளத்தையும் விட்டு வந்தவர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அகதிகளாக அலைந்து, போருக்குப் பின்னரே ஊர் திரும்பினர். 1988இல் மணலாறு வெலிஓயா ஆகியிருந்தது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்புத்தான். ஆனால் மொழிபெயர்ப்பு எப்போதும் பெயரோடு நின்று விடுவதில்லை. திரும்பியவர்களில் பலரின் காணி அனுமதிப்பத்திரங்கள் போரில் தொலைந்திருந்தன. சிலரின் வயல்களில் வேறு ஆட்கள் விதைத்துக் கொண்டிருந்தனர். 2023 ஜூன் மாதத்தில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவின்படி நடைபெற்ற அகழ்வில் 50க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. நிலத்தை அகழ்தல் என்ற சொல் அந்த மக்களின் காதில் கொழும்பில் ஒலிப்பதைப் போன்று ஒலிக்காது என்பதை அமைச்சுகளில் இருப்போர் புரிந்து கொள்ள வேண்டும்.

முஸ்லிம் மக்களின் நிலையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடியதன்று. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவு, மன்னார் முஸ்லிம்களும் உடுத்த துணியோடு சென்றனர். திரும்பி வந்தோர் காணிக்காகக் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கியதை நாம் அறிவோம். முகத்துவாரத்துக்குத் தெற்கே புல்மோட்டையிலோ, பரம்பரையாக முஸ்லிம்கள் வாழும் ஊரில், ஒரு பக்கம் கனிய மணல், மறுபக்கம் வனப் பாதுகாப்பு, இன்னொரு பக்கம் தொல்லியல் என்று எல்லைக் கற்கள் நெருங்கி வருவதாகவே மக்கள் முறையிடுகின்றனர். களப்பின் ஒரு கரையில் தமிழரும் மறு கரையில் முஸ்லிம்களும் ஒரே இயந்திரத்தை எதிர்நோக்குகின்றனர். அப்படியிருந்தும் இரு கரையினரும் ஒரே மேசையில் அமர்ந்து இதனைப் பேசியதாக நாம் அறியவில்லை. அரசியல்வாதிகளுக்கு அது வசதியாகவும் இருக்கலாம்.

கொக்கிளாயில் கனிய மணலுக்கெனக் காணி எடுக்க முயற்சிக்கப்பட்டபோது மக்கள் எதிர்த்தனர். அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று அவர்களைக் குறிப்பிடுவது எளிது. அவர்களின் வாழ்வைச் சற்று அருகிலிருந்து பார்த்தால் எதிர்ப்பின் காரணம் விளங்கும். அந்தக் கரை கரைவலைத் தொழிலின் கரை. கரைவலைக்குப் 'பாடு' வேண்டும். அதாவது வலையை வளைத்து இழுத்தேற்றுவதற்குத் தடையற்ற கரை வேண்டும். கரையில் குழி விழுந்தால், மணல் மேடு சரிந்தால், கரையின் சரிவு மாறினால் பாடு போய்விடும். பாடு போனால் ஒரு வலையை நம்பியிருக்கும் இருபது முப்பது குடும்பங்களின் உலை அணைந்து விடும். தென்பகுதியிலிருந்து வரும் மீனவர்களுடனான தொழிற் போட்டியில் ஏற்கனவே சுருங்கிப் போன கரை அது. உட்புறமாகக் கொக்கிளாய்க் களப்பு இருக்கின்றது. 1951இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட அக்களப்பு, இறாலும் மீனும் பெருகும் தொட்டில். கடலுக்கும் களப்புக்கும் இடையிலுள்ள மணற்றிட்டுத்தான் உவர் நீரைத் தடுத்து நிற்கும் அணை. அந்த அணையின் மணலைத்தான் கேட்கின்றார்கள்.

அஞ்சுவதற்கு ஆதாரம் வேண்டுமென்போர் மீண்டும் ஆபிரிக்காவைப் பார்க்கலாம். மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் நகொன்ஹா என்னும் மீனவக் கிராமத்தின் அருகே சீனக் கம்பனியொன்று இதே பாரக் கனிய மணலை அகழ்ந்து வந்தது. கழித்த மணலை அங்கிருந்த சதுப்பு நிலங்களின் மேலும் நீரோடைகளின் மேலும் கொட்டியது. 2015 பெப்ரவரி 7ஆம் திகதி பெருமழை பெய்தபோது, செல்ல வழியின்றித் தேங்கிய வெள்ளம் கிராமத்தைப் பிளந்து கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. 48 வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஏறத்தாழ 290 பேர் வீடிழந்தனர். 2018இல் சர்வதேச மன்னிப்புச் சபை வெளியிட்ட அறிக்கை, மணல் கொட்டப்பட்டு இயற்கை வடிகால் மாறியமையே இதற்கு ஏது என்று கூறியது. வாடைக்காலத்தில் முல்லைத்தீவின் கரையோரத்தில் விழும் மழையை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி தூர தேசத்துச் செய்தியன்று. இன்னும் அருகே வந்தால் கேரளத்தின் கொல்லம் கரை இருக்கின்றது. அங்கே சவறாவை அடுத்துள்ள ஆலப்பாடு கிராமத்தவர், பல பத்தாண்டு மணல் அகழ்வால் ஊரைக் கடல் விழுங்கி வருவதாகக் கூறி 2018, 2019ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டம் நடத்தினர். தமிழ்நாட்டில் தாது மணல் அகழ்வு பற்றிய முறைப்பாடுகள் பெருகி, 2013இல் தனியார் அகழ்வை மாநில அரசு நிறுத்தியது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புல்மோட்டையில் கரையை அண்டிய மணல் வாடைக்காலந்தோறும் ஓரளவு மீண்டும் வந்து சேர்கின்றது. கரையிலிருந்து மேலோட்டமாக அள்ளுவதும், உட்புறத்தில் ஆழமாகத் தோண்டுவதும் ஒன்றல்ல. எல்லா அகழ்வும் நகொன்ஹாவாக முடிவதுமில்லை. கென்யாவின் குவாலே மாவட்டத்தில் பத்தாண்டுக்கு மேல் இல்மனைட் அகழ்ந்த நிறுவனம், படிவு தீர்ந்து போக 2024 டிசெம்பரில் வேலையை முடித்துக் கொண்டது. தோண்டிய நிலத்தை நிரப்பி மரம் நடும் வேலையும் அங்கு இடம்பெற்றது. ஆனால் அங்கும் வேலைவாய்ப்பு படிவோடு சேர்ந்தே தீர்ந்தது. மணல் நிரந்தரம் என்று எண்ணிக் கடன் வாங்கி வீடு கட்டிய தொழிலாளிக்கு மரக்கன்று சோறு போடாது.

இந்த நாட்டின் சட்டம் என்ன சொல்கின்றது? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி நிலத்தடியிலுள்ள கனியம் அரசுக்கே உரியது. மேல்மண் உமது பாட்டனின் உறுதிக் காணியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் கனியம் உமதல்ல. அகழ்வதற்கு அனுமதி வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். கரையோரமாயின் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கிடும். பெரிய திட்டமாயின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டு, பொதுமக்களின் கருத்துக்காக 30 நாட்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 30 நாட்கள் என்பது கேட்பதற்கு நீண்டது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொழில்நுட்ப அறிக்கையைக் கரைவலைச் சம்மாட்டி ஒருவர் எங்கே சென்று, எந்த மொழியில், யாருடைய உதவியோடு வாசிப்பது? காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் 'பொதுத் தேவை' என்ற இரு சொற்கள் போதும், காணி அளவைத் திணைக்களத்தின் சங்கிலி வேலிக்குள் வந்து விடும்.

தோண்டுவதற்கு முந்திய ஆய்வுக் கட்டத்திலேயே விழிப்பு வேண்டும் என்பதற்கு மன்னார்த் தீவு உதாரணம். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பகுதியான அங்கு, அவுஸ்திரேலியாவில் பதிவு செய்யப்பட்ட கம்பனியொன்று ஆய்வு அனுமதியைக் கொண்டு தீவின் பல பாகங்களிலும் ஆயிரக்கணக்கில் துளையிட்டது. கடலால் சூழப்பட்ட தாழ்வான தீவில், உவர் நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பிக் கிணறு வெட்டி வாழும் மக்கள் அவர்கள். என்ன நடக்கின்றது என்பதை அவர்கள் முழுமையாக அறிந்தபோது, தமக்குக் கீழே எத்தனை தொன் கனியம் இருக்கின்றது என்ற கணக்கு பங்குச் சந்தையில் வெளியாகியிருந்தது. கத்தோலிக்கக் குருமாரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் மீனவர் சங்கங்களும் ஒன்றாக வீதிக்கு வந்தது அங்கேதான். கொக்கிளாய்க்கும் புல்மோட்டைக்கும் இல்லாத அந்த ஒருமை மன்னாருக்கு வாய்த்தது.

அடுத்தது பணம். அகழ்வுக்கான உரித்துப்பணத்தைப் பணியகம் அறவிடுகின்றது. கம்பனியின் இலாபம் திறைசேரிக்குப் போகின்றது. கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்கோ குச்சவெளிப் பிரதேச சபைக்கோ இதில் உரிமையாகக் கேட்டுப் பெறத்தக்க பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. கிடைப்பது தயவு: ஒரு பாடசாலைக் கட்டடம், ஒரு விளையாட்டு மைதானம், சில தற்காலிக வேலைகள். இந்தியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி கனிமம் எடுக்கப்படும் மாவட்டத்திலேயே ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டு, உரித்துப்பணத்துக்கு மேலதிகமாக அதன் 10 முதல் 30 வீதம் வரையான தொகையைக் குத்தகைதாரர் அதற்குச் செலுத்த வேண்டும். அதிலும் ஊழல் உண்டு. அது வேறு விடயம். ஆனால் பாதிக்கப்படும் மாவட்டத்துக்குச் சட்டப்படி பங்குண்டு என்ற கொள்கை ஏற்கப்பட்டுள்ளது. இங்கே அந்தக் கேள்வியை எழுப்பியிருக்க வேண்டிய வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடத்தப்படவில்லை.

அப்படியானால் காபோன் செய்வதைப் போன்று கச்சா மணலைத் தடுத்துவிட்டால் என்ன? இந்தக் கோரிக்கை எமது அரசியல் மேடைகளில் அவ்வப்போது முழங்குவதுதான். கணக்கும் கவர்ச்சியானது. இல்மனைட் தொன் ஒன்று சில நூறு டொலர். அதிலிருந்து வரும் வெண்ணிறத் தூளோ தொன் ஒன்று இரண்டாயிரம் டொலருக்கு மேல். இரண்டு தொன் இல்மனைட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு தொன் தூள் கிடைக்கலாம். இடையிலுள்ள வித்தியாசம் எமக்கு வர வேண்டியதல்லவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் வித்தியாசம் முழுவதும் இலாபமல்ல. அதில் பெரும்பங்கு மின்சாரம், அமிலம், இயந்திரம், கழிவகற்றல் ஆகியவற்றின் விலை. மங்கனீசுக்கும் இதே கதைதான். காபோன் 2013இல் கிராண்ட் புபாரா நீர்மின் நிலையத்தை இயக்கிய பின்னரே, 2015இல் மொவாண்டாவில் மங்கனீசு பதப்படுத்தும் ஆலையைத் திறக்க முடிந்தது. மாறாக, உலகிலேயே அதிக மங்கனீசு தோண்டும் தென்னாபிரிக்காவில், மின்கட்டண உயர்வு தாங்காமல் உருக்காலைகள் ஒன்றன் பின் ஒன்றாக மூடப்பட்டு, கச்சாத் தாது ஏற்றுமதி பெருகியது. தடைச்சட்டத்தை ஒரு நாளில் எழுதலாம். மின்சாரத்தை அவ்வாறு எழுதி வரவழைக்க இயலாது. மின்கட்டணத்தால் அரிசி ஆலைகளே திணறும் நாட்டில் இதனை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெண்தூள் செய்யும் பழைய முறையில், ஒரு தொன் தூளுக்குப் பல தொன் அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் மிஞ்சும். திருவனந்தபுரத்தில் 1946இல் நிறுவப்பட்ட டைட்டேனியத் தொழிற்சாலையின் கழிவு பல பத்தாண்டுகளாகக் கடலில் விடப்பட்டு, மீனவரின் தீராத மனக்குறையாக நிலைத்தது. பெறுமதி சேர்த்தல் என்ற அழகிய சொல்லின் பின்னால் இத்தகைய குழாய் ஒன்றும் இருக்கக்கூடும். கொக்கிளாய்க் களப்பின் ஓரத்தில் அந்தக் குழாய் வருமானால், மணலை அள்ளிச் செல்வதே மேல் என்று மக்கள் சொல்லும் நிலை ஏற்படும்.

ஆகவே பதப்படுத்தல் வேண்டாம் என்பதல்ல எமது நிலைப்பாடு. வன்னிக்கு அது புதிதுமல்ல. ஆனையிறவில் விளைந்த உப்பைக் கொண்டே பரந்தனில் எரிசோடாவும் குளோரினும் செய்யப்பட்டன. மூலப்பொருள் இங்கே, தொழிற்சாலை இங்கே, தொழிலாளரும் இங்கே. 1980களின் நடுப்பகுதியில் போர் அதனை மூடியது. நாட்டின் குடிநீருக்குத் தேவையான குளோரினை அதன் பின் இறக்குமதி செய்தோம். ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை 2025 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. பரந்தன் பற்றிய பேச்சு அடிக்கடி எழுந்து அடங்குகின்றது. அமிலமோ பேரளவு மின்சாரமோ தேவைப்படாத இடைநிலைத் தொழில்களும் உள்ளன. சிர்கோனை நுண்தூளாக அரைத்து ஓட்டுத் தொழிற்சாலைகளுக்கு வழங்குவதும், ரூட்டைலைக் கொண்டு உருக்கொட்டுக் கூர் செய்வதும் பேராலைகள் தேவைப்படாத வேலைகள். தூசியிலிருந்து தொழிலாளரைக் காக்கும் ஏற்பாடு மட்டும் கட்டாயம்.  பொட்ஸ்வானா தனது வைரத்தைத் தரம் பிரித்து விற்கும் வேலையை 2013இல் இலண்டனிலிருந்து தன் தலைநகருக்கு மாற்றிக் கொண்டது. படிப்படியாகத்தான் அது நடந்தது.

இவை அனைத்துக்கும் முன்னர் செய்யக்கூடிய, ஒரு சதமும் பெரிதாகச் செலவாகாத காரியமொன்று உள்ளது. கொக்கிளாய் தொடங்கிப் புல்மோட்டை வரையில் எந்தெந்தக் காணித் துண்டுகள் கனிய மணலுக்கென அடையாளமிடப்பட்டுள்ளன, அவற்றில் எவை தனியாரின் உறுதிக் காணிகள், எவை அனுமதிப்பத்திரக் காணிகள், எத்தனை மீற்றர் ஆழத்துக்கு அகழப்படும், எத்தனை ஆண்டுகளுக்கு அகழப்படும், தோண்டிய குழி யாருடைய செலவில் மூடப்படும், இதுவரை எடுத்த மணலுக்கு எவ்வளவு உரித்துப்பணம் பெறப்பட்டது என்பவற்றைத் தமிழில் அச்சிட்டு, வரைபடத்துடன், கரைதுறைப்பற்று, குச்சவெளிப் பிரதேச செயலகங்களின் வாசலிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலய முன்றல்களிலும் ஒட்டுவதே அது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் நாட்டில், இவற்றை ஒவ்வொருவராக விண்ணப்பம் எழுதிக் கேட்க வைக்க வேண்டியதில்லை. அந்த வரைபடம் ஒட்டப்படும் வரையில், கொக்கிளாயில் புதிதாக ஒரு துண்டுக் காணியும் அளக்கப்படக் கூடாது.